ரவுண்டானா தாண்டியும் நேராகாத ஸ்டியரிங்

எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு ரவுண்டானா வந்துவிடும். இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதி முழுக்கவே அப்படித்தான். ரவுண்டானாவைச் சுற்றி நமக்கு வேண்டிய சாலைக்குள் இடது பக்கம் ஒடித்து நுழைந்ததும் கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், ஸ்டியரிங் தானாகவே உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு நேர்நிலைக்கு வந்து நிற்கும். எல்லாக் காரிலும் நடக்கிற விஷயம்தான், யாரும் கவனிப்பதில்லை. கடந்த மார்ச்சில், குளிர்காலம் முழுக்க கராஜில் கிடந்த என் கிட் காரை முதல் தடவையாக வெளியே எடுத்தபோது அது நடக்கவில்லை. கையைத் தளர்த்தினேன், ஸ்டியரிங் கால் சுற்றுத் திருப்பத்தில் அப்படியே நின்றுகொண்டது, கார் இடது பக்கப் புல்மேட்டை நோக்கிப் போனது. கையால் இழுத்துத்தான் நேராக்க வேண்டியிருந்தது.

கிட் கார் என்றால் என்னவென்று நம் ஊரில் இருப்பவர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சேசிஸ், பாடி, இன்னும் சில பாகங்களைப் பெட்டிகளில் வாங்கி, என்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் போன்றவற்றை ஒரு பழைய காரிலிருந்து கழற்றி, வீட்டுக் கராஜிலேயே பூட்டிக்கொள்கிற கார். பிரிட்டனில் இது ஊறிப்போன பழக்கம். 1957-ல் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன், லோட்டஸ் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்த காலத்தில், முழுக் காராக வாங்கினால் பர்ச்சேஸ் வரி உண்டு, பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொண்டால் கிடையாது. 1973-ல் அந்த வரி போய் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்தது, சலுகையும் போனது. அதே 1973-ல் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்குக் கைமாறியது. வரிச் சலுகை போனாலும் ஆசை போகவில்லை. செவனின் வடிவத்தைப் பின்பற்றி எத்தனையோ சிறு பட்டறைகள் கிட் செய்து விற்றன. என்னுடையது அப்படி ஒன்று. தொண்ணூறுகளில் யாரோ ஒருவர் தன் கையால் பூட்டியது, ஆறு வருடம் முன்பு நான் வாங்கினேன். கதவு கிடையாது, கூரை பெயருக்குத்தான், பவர் ஸ்டியரிங் கிடையாது. எடை ஒரு சாதாரணக் குடும்பக் காரில் பாதிகூட இருக்காது.

இவ்வளவு எடை குறைந்த காரை எதற்காக வைத்திருக்கிறோம் என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: ஸ்டியரிங்குக்காக. முன் சக்கரம் ஒரு சின்னக் கல்லின் மேல் ஏறினால்கூட அது விரல் நுனியில் தெரியும். சாலை ஈரமாகி டயரின் பிடி தளர ஆரம்பித்தால், கார் வழுக்குவதற்கு முன்பே ஸ்டியரிங் லேசாகிக் கைக்குச் சொல்லிவிடும். அந்தப் பேச்சு நின்றுபோனால் இந்தக் காரில் மிச்சம் இருப்பது மழையும் காற்றும் இரைச்சலும்தான். அதனால்தான் அந்த மார்ச் மாத ரவுண்டானா என்னை அவ்வளவு கலங்கடித்தது.

முதலில் நான் சந்தேகப்பட்டது டயரை. காற்றை 20 பி.எஸ்.ஐ.க்குச் சரிசெய்தேன், மாற்றமில்லை. அடுத்து வீல் அலைன்மென்ட். பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் கொடுத்தேன், அவர்கள் முன் சக்கரங்களின் கோணத்தைத் துல்லியமாக வைத்து ஒரு காகிதமும் கொடுத்தார்கள், கார் நேராக ஓடியது, ஆனால் திருப்பினால் திருப்பின இடத்திலேயே நின்றது. அப்புறம் ஸ்டியரிங்கின் சுற்றை முன் சக்கரங்களைத் திருப்பும் இடவல நகர்வாக மாற்றுகிற ஸ்டியரிங் ரேக் மேல் சந்தேகம். ரேக்கின் பல் தண்டைப் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங்கும் அதற்கு ஒரு சரிசெய்யும் நட்டும் உண்டு. அதைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தேன். இறுக்கம் அப்படியே இருந்தது, போதாக்குறைக்குப் பள்ளத்தில் இறங்கினால் ரேக்கில் கடகட சத்தம் வந்தது. தளர்த்தியதை மறுநாளே பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். காரணம் தெரியாமல் அந்த நட்டைத் தொடாதீர்கள்.

இடையில் ஒன்று நடந்தது, அதுதான் என்னை அதிகம் திசைதிருப்பியது. ஒரு நாள் பானட்டைத் திறந்து ஸ்டியரிங் தண்டு நெடுக, மூட்டுகளின் மேலும் சேர்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டேன். அடுத்த நாள் ஓட்டிப் பார்த்தால் ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி. இவ்வளவுதானா விஷயம் என்று சந்தோஷமாக இருந்தேன். மூன்றாவது வாரம் திரும்பவும் இறுகியது, முன்பைவிட மோசமாக. அந்த எண்ணெய் உள்ளே போய்த் துருவை ஈரப்படுத்தித் தற்காலிகமாக வழிவிட்டது, அதோடு உள்ளே மிச்சம் மீதி இருந்த கிரீஸையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிட்டது. அது காய்ந்தபின் உலோகத்தோடு உலோகம் உரசியது. எண்ணெய் அடித்தவுடன் இளகினால், கோளாறு எந்த மூட்டில் என்று தெரிந்துகொண்டோம் என்றுதான் அர்த்தம். அதைச் சரிசெய்தோம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை.

கோளாறைக் கண்டுபிடித்தது என் மகள். அவளுக்குப் பதினான்கு வயது. ஒரு சனிக்கிழமை காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, இரண்டு ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்கள் தரையைத் தொடாமல் நிறுத்தியிருந்தேன். நான் கீழே குனிந்து பார்க்க வேண்டும், யாராவது ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்று அவளை உட்காரவைத்தேன். மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் திருப்பச் சொன்னேன்.

"அப்பா, இந்த இடத்துல ஏதோ தடுக்குது."

"எந்த இடத்துல?"

"இப்ப. தாண்டிடுச்சு. இரு... இதோ மறுபடியும்."

நான் திருப்பியபோது மொத்தமாகக் கனமாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. பல மாதமாக, ஒருவேளை பல வருடமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்ததற்கு என் கை பழகிப்போயிருந்தது. அவளுக்கு இந்தக் காரின் ஸ்டியரிங் எப்படி இருக்கும் என்ற முன்முடிவு எதுவும் இல்லை. இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினாள், தடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினாள், நான் ஸ்டியரிங் வளையத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டே வந்தேன். முடித்துப் பார்த்தால் டேப் ஒட்டிய இடங்கள் ஏறக்குறைய சரியாக அரைச் சுற்றுக்கு ஒன்று.

அரைச் சுற்றுக்கு ஒரு தடவை என்றால் அது கிராஸ்தான். நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிப் பட்டறைகளில் கிராஸ் மாத்தணும் என்று சொல்வார்களே, அதே கிராஸ், அளவில் மட்டும் சிறியது. இரண்டு கவட்டைகள், நடுவில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு இரும்புத் துண்டு, அதன் நான்கு முனையிலும் ஒவ்வொரு கிண்ணம், கிண்ணத்துக்குள் ஊசி ஊசியாகப் பேரிங். இதைத்தான் யுனிவர்சல் ஜாயிண்ட் என்கிறோம். இத்தாலியின் கார்டானோ பெயரையும் சொல்வார்கள், பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் பெயரையும் சொல்வார்கள். ஒரு தண்டு இன்னொரு தண்டோடு கோணத்தில் சேரும்போது சுற்றைக் கடத்துவதுதான் இதன் வேலை. ஸ்டியரிங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கிராஸின் ஒவ்வொரு அச்சும் ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னுமாக ஆடும். ஒரு அச்சு மட்டும் துருப்பிடித்து இறுகியிருந்தால், அது வேகமாக ஆட வேண்டிய இரண்டு இடங்களில் தடை உச்சத்துக்குப் போகும். சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டு (பால் ஜாயிண்ட்) இறுகினால் இப்படி இடம் பார்த்துத் தடுக்காது, எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்கும்.

இருந்தாலும் ஊகத்தை நம்பிப் பாகம் வாங்க எனக்கு மனமில்லை, ஏற்கெனவே பல தடவை தவறியிருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். முதலில் இரண்டு பக்கமும், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனைகளைக் கழற்றி ஸ்டியரிங்கைத் திருப்பினேன், தடுப்பு அப்படியே இருந்தது, ஆக சக்கரப் பக்கம் குற்றமில்லை. பிறகு ரேக்கின் பினியனிலிருந்து கீழ் ஜாயிண்ட்டைப் பிரித்தேன். பினியனைக் கையால் சுற்றினால் சீராகச் சுற்றியது. ஆக ரேக்கும் குற்றமில்லை, நான்தான் அதை வீணாக நோண்டியிருக்கிறேன். மிச்சம் இருந்தது நடுத்தண்டும் இரண்டு ஜாயிண்ட்டும். மேல் ஜாயிண்ட் காருக்குள், காலுக்கு மேலே, ஈரம் படாத இடத்தில் இருக்கிறது. கீழ் ஜாயிண்ட் என்ஜின் அறைக்குள், சைலன்சர் குழாய்க்கு நான்கு விரல்கடை தூரத்தில், முன் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராகப் படுகிற இடத்தில் இருக்கிறது. இங்கே குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்க உப்புப் போடுவார்கள். வெயிலில் ஓடும்போது சூட்டில் கிரீஸ் காய்ந்துபோகும், மழையில் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கும், அப்புறம் ஐந்து மாதம் அசையாமல் கராஜில் நிற்கும். ஒரு ஊசிப் பேரிங்கைக் கொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்?

கழற்றும்போது நான் செய்தவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங்கைக் கயிற்றால் சீட்டோடு கட்டிவிட்டேன். ஜாயிண்ட்டிலும் தண்டிலும் பினியனிலும் சேர்த்து ஒரே நேர்கோடாக வெள்ளைப் பெயிண்ட் குறி வைத்தேன். ஜாயிண்ட்டை இறுக்கிப் பிடிக்கும் குறுக்குப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் போதாது, முழுசாக உருவி எடுக்க வேண்டும், ஏனென்றால் தண்டில் வெட்டியிருக்கும் ஒரு பள்ளத்தின் வழியாகத்தான் போல்ட் போகிறது. போல்ட் தளர்ந்துவிட்டால்கூட ஜாயிண்ட் கழன்று விழாமல் காப்பது அந்தப் பள்ளம்தான். போல்ட்டை எடுத்தபிறகும் இருபத்தைந்து வருடத் துரு விடவில்லை. சுத்தியலை எடுக்கத்தான் கை போனது. அப்படி நீளவாக்கில் அடித்தால் அந்த அடி ஒரு பக்கம் ரேக்கின் பினியன் பேரிங்குக்கும் மறுபக்கம், விபத்தில் உள்வாங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிற, ஸ்டியரிங் காலம் (column) என்ற மேல் தண்டுக் கூட்டுக்கும் போய்ச் சேரும். இரண்டுமே தாங்காது. பதிலாக, ஜாயிண்ட்டின் பிளவில் ஒரு தட்டையான உளியை வைத்து மெதுவாகத் தட்டி ஒரு மயிரிழை விரித்தேன், எண்ணெய் விட்டேன், ஒரு மணிநேரம் காத்திருந்து ஆட்டி ஆட்டி இழுத்தேன். ரேக்கைப் பிடித்திருக்கும் கிளாம்புகளைக் கழற்றி ரேக்கைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தியபின்தான் வெளியே வந்தது.

வெளியே எடுத்த ஜாயிண்ட்டை ஒரு கவட்டையில் பிடித்துத் தூக்கினேன். நல்ல ஜாயிண்ட் என்றால் மற்றக் கவட்டை தன் எடைக்கே எந்தப் பக்கமும் சாய வேண்டும். இது ஒரு அச்சில் சாய்ந்தது. மற்ற அச்சில் எந்தக் கோணத்தில் வைத்தேனோ அந்தக் கோணத்திலேயே, சொல்லி வைத்த மாதிரி, நின்றது. இரண்டு கையாலும் மடக்கினால் கரகரவென்று அசைந்தது, கிண்ணத்தின் ஓரத்திலிருந்து காபித் தூள் நிறத்தில் பொடி உதிர்ந்தது.

அதை அப்படியே தூக்கிப்போட மனம் வரவில்லை. கிரைண்டரில் ஒரு கவட்டையின் காதை அறுத்து, கிண்ணத்தை நெம்பி எடுத்துப் பார்த்தேன். ஊசிகள் தனித்தனியாக உருள வேண்டும். ஏழெட்டு ஊசிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. கிராஸின் முனையை மண்ணெண்ணெயில் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினால், வழவழப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சீப்புப் பற்களை அழுத்தி எடுத்த மாதிரி வரிவரியாகப் பள்ளம். நகத்தால் கீறினால் ஒவ்வொரு வரியிலும் நகம் தடுக்கியது. ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று இடித்து இடித்துப் போட்ட தடம் அது. என் மகள் இரண்டு விரலால் உணர்ந்தது, அத்தனை கம்பிகளையும் குழாய்களையும் தாண்டி மேலே போய்ச் சேர்ந்த இந்தப் பள்ளத்தைத்தான்.

எண்ணெய் அடித்து இளக்கி ஓட்டிக்கொண்டே இருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். இந்த முனையைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். இளகினாலும் பள்ளம் பள்ளம்தான். சரி, லாரியில் மாற்றுவது போல கிராஸை மட்டும் மாற்றலாமே என்றால், லாரி கிராஸுக்குக் கிண்ணத்தைப் பிடிக்கும் வளையமான சர்க்கிளிப் உண்டு, கிரீஸ் ஏற்றும் நிப்பிள் உண்டு, கழற்றி மாட்டுவதற்கென்றே செய்தது. ஸ்டியரிங் ஜாயிண்ட்டில் கிண்ணத்தைச் செருகி, கவட்டையின் ஓரத்தைக் குத்தி நசுக்கித்தான் நிறுத்தியிருக்கிறார்கள், என்னுடையதும் அப்படித்தான். அந்த நசுக்கலை வீட்டில் உளியை வைத்துத் திரும்பச் செய்து, அதை நம்பி மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அறுபது மைல் வேகத்தில் போக என்னால் முடியாது. பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் நான் சிக்கனம் பார்ப்பதில்லை. முழு ஜாயிண்ட்தான் மாற்ற வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது பல் கணக்கு, அதாவது ஜாயிண்ட்டுக்குள் நுழையும் தண்டின் முனையைச் சுற்றி வெட்டியிருக்கும் பற்களின் எண்ணிக்கை. கிட் காரில் ரேக் ஒரு காருடையது, ஸ்டியரிங் காலம் இன்னொரு காருடையது, நடுத்தண்டு பூட்டியவர் கையால் செய்தது. அதனால் ஜாயிண்ட்டின் ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் பொருத்தம் வேறு வேறாக இருக்கும். தண்டின் விட்டத்தை வெர்னியரால் அளந்து, பற்களை ஒரு புள்ளி வைத்துச் சுற்றிச் சுற்றி மூன்று தடவை எண்ணினேன். கிட்டத்தட்டப் பொருந்துகிற ஜாயிண்ட்டும் கையால் தள்ளினால் ஏறிவிடும், அதுதான் ஆபத்து. மே மாத முதல் வாரக்கடைசியில் ஸ்டோன்லியில் நடக்கும் கிட் கார் கண்காட்சிக்குப் போய், பழைய ஜாயிண்ட்டின் மிச்சத்தைப் பையில் கொண்டுபோய்க் காட்டி, பொருத்திப் பார்த்து வாங்கினேன். 45 பவுண்டு.

பூட்டும்போதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட் கோணத்தில் சுற்றும்போது, ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது, ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். 30 டிகிரி மடிப்பில் இது 13 சதவீதம் குறைவிலிருந்து 15 சதவீதம் அதிகம் வரை போகும். இரண்டு ஜாயிண்ட் இருந்தால், நடுத்தண்டின் இரு முனையிலும் உள்ள கவட்டைகள் ஒரே தளத்தில் இருக்கும்படி வைக்கும்போது ஒன்றின் குறையை மற்றது சமன் செய்யும். கோணங்களும் சமமாக இருந்தால் முழுசாகச் சமனாகும். என் காரில் இரண்டு கவட்டையும் ஒரே தளத்தில் இல்லை. மூன்று பல் தள்ளி இருந்தது. பூட்டியவரைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை, பற்கள் எந்த நிலையிலும் ஏறும், கண்ணுக்கு அது லேசாகத் தெரியாது. நடுத்தண்டை மேசையில் படுக்கவைத்து, இரண்டு கவட்டையிலும் ஒவ்வொரு நேர்க்கம்பியைச் செருகி, பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். இரண்டு கம்பியும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தபோது சரியான பல்லில் ஏற்றினேன். வெள்ளைக் குறியை அப்படியே பின்பற்றியிருந்தால் பழைய பிழையையும் சேர்த்துப் பூட்டியிருப்பேன்.

தண்டு ஜாயிண்ட்டின் வாய்க்குள் முழு ஆழம் போக வேண்டும், ஆனால் உள்ளே நீட்டிக்கொண்டு எதிர்க் கவட்டையில் இடிக்கக் கூடாது. இரண்டு கோடி வரைக்கும் திருப்பிப் பார்த்து இதை உறுதிசெய்தேன். போல்ட்டும் லாக் நட்டும் புதியவை, பழையவற்றைத் திரும்பப் போடவில்லை. ஜாயிண்ட்டோடு வந்த காகிதத்தில் போட்டிருந்த அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்கி, நட்டின் மேல் மஞ்சள் பெயிண்ட் கோடு போட்டேன். சைலன்சர் குழாய்க்கும் ஜாயிண்ட்டுக்கும் நடுவில் ஓர் அலுமினியத் தகடு வளைத்து, இரண்டையும் தொடாமல் நிற்கும்படி திருகிவிட்டேன்.

இங்கே புதிதாகப் பூட்டிய கிட் கார் சாலைக்கு வர ஐ.வி.ஏ. என்ற அரசுச் சோதனையில் தேற வேண்டும், 2009-லிருந்து இருக்கிறது. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்புகிறதா என்பதையும் அதில் பார்க்கிறார்கள், கட்டுகிறவர்களுக்கு அதிகக் கவலை கொடுக்கும் இடம் அது. சரியாகத் திரும்பவில்லை என்றால் சட்டென்று கேஸ்டர் கோணத்தை (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வை) கூட்டுவதற்குப் போய்விடுகிறோம். கேஸ்டர்தான் சக்கரத்தை நேருக்கு இழுக்கிறது என்பது உண்மை. ஆனால் இறுகிய ஜாயிண்ட்டை வைத்துக்கொண்டு கேஸ்டரைக் கூட்டினால், நோய் மறைந்திருக்கும், ஸ்டியரிங் கனமாகவும் ஆகிவிடும். முதலில் சக்கரத்தைத் தூக்கி, மெதுவாக, இரண்டே விரலால் திருப்பிப் பாருங்கள். முடிந்தால் அந்தக் காரை ஓட்டிப் பழகாத ஒருவரைத் திருப்பச் சொல்லுங்கள்.

என் மகளை மறுபடி உட்காரவைத்தேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனாள், திரும்ப வந்தாள், இன்னொரு தடவை போனாள். "எங்கப்பா அந்த இடம்? காணோம்" என்றாள். டேப்புகள் வளையத்தில் இன்னும் ஒட்டியபடியே இருந்தன.

அன்று சாயங்காலம் இருவருமாக அதே ரவுண்டானாவுக்குப் போனோம். சுற்றி, இடது பக்கம் ஒடித்து, கையைத் தளர்த்தினேன். வளையம் உள்ளங்கையில் உரசிக்கொண்டு, டேப் டேப்பாகக் கடந்து, நேராக வந்து நின்றது. இன்னொரு சுற்றுப் போனோம், அப்புறம் இன்னொன்று. நாலாவது சுற்றில் கையைத் தளர்த்தாமல் லேசாகப் பிடித்துக்கொண்டு, சாலையின் ஒட்டுத் தார் எங்கெங்கே வருகிறது என்பதை விரலில் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

50 மைல் ஓடியபிறகு பானட்டைத் திறந்து மஞ்சள் கோடுகளைப் பார்த்தேன், எதுவும் நகரவில்லை. மேல் ஜாயிண்ட் இன்னும் பழசுதான். கழற்றியபோது இரண்டு அச்சிலும் தானாகச் சாய்ந்தது, குறையில்லை. இருந்தாலும் அதற்கும் வயது அதேதான், பல் எண்ணி எழுதி வைத்திருக்கிறேன், குளிர்காலத்தில் காரைக் கராஜில் நிறுத்தியதும் அதையும் மாற்றிவிடுவேன்.